மரியோ லெமியூ அவர்களுக்கு: ஒரு நன்றி, ஒரு மனத்தாங்கல்

மதிப்பிற்குரிய மரியோ லெமியூ அவர்களுக்கு,

மார்ச் 2 வந்துவிட்டால் பிட்ஸ்பர்க்கில் என் வயதுக்காரர்களுக்குப் பேச்சு ஒன்றுதான். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான பெங்குவின்ஸுக்கு நீங்கள் வென்று தந்த கோப்பைகளையும் உங்கள் சீருடையின் 66ஆம் எண்ணையும் உங்களுக்கே எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனால் 1993ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளை என்னால் விட முடியவில்லை.

காலையில் ஹாட்ஜ்கின் புற்றுநோய்க்கான கடைசிக் கதிர்வீச்சுச் சிகிச்சை, மாலையில் பிலடெல்பியாவில் ஆட்டம். நீங்கள் பனித்தளத்தில் இறங்கியபோது, பெங்குவின்ஸ் சீருடையைக் கண்டாலே ஏசும் அந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த மாணவனான எனக்கு ஐஸ் ஹாக்கியின் விதிகள்கூட அப்போது முழுதாகப் பிடிபடவில்லை. ஒரு கோல் அடித்தீர்கள், இன்னொன்றுக்கு வழியமைத்தீர்கள். ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்பது இன்று எவருக்கும் நினைவில்லை. அந்தப் பருவத்தில் 60 ஆட்டங்களே ஆடி (கோல்களும் கோலுக்கு வழியமைத்தவையும் சேர்த்து) 160 புள்ளிகளுடன் நீங்கள் லீக்கில் முதலிடம் பிடித்ததெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு அந்த இரவே போதுமானதாக இருந்தது.

1996இல் குறைமாதத்தில், ஏறத்தாழ ஒரு கிலோ எடையில் உங்கள் மகன் ஆஸ்டின் பிறந்து மருத்துவமனையில் இருந்தபோது, அவனுடைய அக்காக்களுக்கு அங்கே விளையாட இடமில்லை என்பதை நீங்களும் உங்கள் மனைவி நத்தலி அவர்களும் கவனித்தீர்கள். அதிலிருந்து உருவான விளையாட்டறைகளில் ஒன்றில்தான், என் மகள் படுத்திருந்த வாரங்களில், என் மகன் பொம்மை ரயில் ஓட்டினான். அவளுக்கு என்ன நோய் என்று இங்கே எழுதமாட்டேன்; அவளுடன் வேலை பார்ப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அள்ளித் தருபவர்கள் பலர் உண்டு. நோயில்லாத பிள்ளையும் அந்த நடைக்கூடங்களில் அல்லாடும் என்று யோசித்தவர்கள் நீங்கள்.

அப்படிப்பட்டவர், அணியின் உரிமையாளர்களில் ஒருவராக, 2007 ஜனவரியில் கான்சாஸ் சிட்டிக்குப் போய் அந்த ஊர் அரங்கத்தைப் பார்வையிட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. பிட்ஸ்பர்க்கில் புதிய அரங்கம் கிடைக்காவிட்டால் அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் அஞ்சிக்கொண்டிருந்தோம். புதிய அரங்கத்துக்கான உடன்பாடு முடிந்து, மறு ஆண்டு கட்டுமானம் தொடங்கியபோது, அவையெல்லாம் நெருக்கடி கொடுப்பதற்கான பயணங்கள், நல்ல விருந்து உண்டு திரும்பினோம், அவ்வளவே என்ற பொருளில் நீங்களே பேசினீர்கள்.

மன்னியுங்கள், விளையாட்டறையையும் பேரத்தையும் ஒரே கடிதத்தில் வைப்பது நன்றிகெட்டதனமாகத் தோன்றலாம். திவாலான அணியில் உங்களுக்கு வரவேண்டிய ஊதியப் பாக்கியை உரிமைப் பங்காக மாற்றிக்கொண்டு, 1999இல் அதை இந்த ஊரிலேயே நிறுத்தியவரும் நீங்கள்தான். வேறொரு முதலாளி இதைச் செய்திருந்தால் நான் பொருட்படுத்தியிருக்கவே மாட்டேன். எங்கள் அன்பைத் துருப்புச்சீட்டாக வைத்து ஆடியவர் நீங்கள் என்பதுதான் வலிக்கிறது.

இந்தப் பகுதியை நீக்கிவிடுமாறு என் மனைவி சொன்னார், நீக்கவில்லை. உங்கள் அறக்கட்டளைக்கு அனுப்பும் தொகையையும் நிறுத்தவில்லை. இம்முறை அதை என் மகன் தன் சம்பளத்திலிருந்து அனுப்பியிருக்கிறான். கான்சாஸ் சிட்டிக் கதை அவனுக்கும் தெரியும். அது கெட்டிக்கார வியாபாரம் என்பது அவன் கருத்து.