திருவிழா கமிட்டி பெரியவங்களுக்கு: வரி நோட்டுல அந்தத் தெரு எங்க?

பங்குப் பேரவை, திருவிழா கமிட்டி, கல்லறைக் கமிட்டின்னு எல்லாத்துலயும் மாறி மாறி இருக்குற நம்ம ஊர் அண்ணாச்சிமாருக்கும் மாமாமாருக்கும், மரியே வாழ்க. கிழக்க உள்ள தலித் தெருவுல மட்டும் நாம திருவிழா வரி வாங்காம இருக்கோமே, அதப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

ஆகஸ்ட் 10 அன்னைக்கு கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டு கோயில் வாசல்ல நீங்க எல்லாரும் வரிசையா நிக்கிற போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. 1950ல அதே தேதியில வந்த ஜனாதிபதி ஆணைதான் எஸ்சி பட்டியல இந்துக்களுக்கு மட்டும்னு வச்சது, அப்புறம் 1956ல சீக்கியரையும் 1990ல பௌத்தரையும் சேத்தாங்க, தலித் கிறிஸ்தவங்கள மட்டும் இன்னைக்கு வரைக்கும் சேக்கல. அநியாயம். ஆனா அந்தப் போராட்டத்துல நாம டெல்லிக்கு என்ன சொல்றோம்? "மதம் மாறினாலும் சாதிக் கொடுமை போகல, கிறிஸ்தவத்துக்குள்ளயும் இருக்கு, அதனால சலுகை குடுங்க"ன்னு சொல்றோம். அதே வாயால ஊருக்குள்ள யாராவது கேட்டா "நம்ம கோயில்ல அதெல்லாம் கிடையாது தம்பி, யாரு கிளப்பி விட்டா"ங்கிறோம். ரெண்டுல எது நெசம்? மதம் மாறின தலித்துகளுக்கு எஸ்சி அந்தஸ்து குடுக்கலாமான்னு பாக்க 2022ல கே.ஜி. பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டாங்களே, அவங்க சாட்சி தேடி எங்கயும் அலைய வேண்டாம், நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் நம்ம கல்லறைத் தோட்டத்துக்கு வந்தா போதும்.

போன கல்லறைத் திருநாளுக்கு நானும் வந்திருந்தேன். மழை விட்டு விட்டு தூறிக்கிட்டு இருந்துச்சு. நம்ம பக்கம் கிரானைட் கல்லறை, சுத்தி சிமெண்ட் தரை, செவ்வந்தி மாலை, கண்ணாடிக் கூண்டுக்குள்ள மெழுகுவர்த்தி. நடுவுல அந்த கம்பி வேலி. அந்தப் பக்கம், தலித் தெரு ஜனங்களோட பக்கம், மண்மேடு, மரச்சிலுவை, சேறு, மெழுகுவர்த்தி அணைய அணைய கையால மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்த பொம்பளைங்க. ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே நம்ம பக்கம் ஒவ்வொரு கல்லறையா நின்னு ஜெபம் சொல்லி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் வேலியோட சின்ன கேட்ட தொறந்து அந்தப் பக்கம் போய் பொதுவா ஒரு ஜெபம் சொல்லி, நாலா பக்கமும் தெளிச்சுட்டு வந்துட்டார். மழை வந்துருச்சுன்னு காரணம் சொன்னாங்க. மழை ரெண்டு பக்கமும்தான் பெஞ்சுச்சு. அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியல, எந்தப் பக்கம் முதல்ல போகணும்னு கமிட்டி ஆள் ஒருத்தர் குடை பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போனத நான் கண்ணால பாத்தேன். சாமியார்மார் சில வருசத்துல மாறிப் போயிருவாங்க, கமிட்டி மாறாது, இது அவங்களுக்கும் தெரியும்.

சரி, திருவிழாவுக்கு வருவோம். நம்மகிட்ட உள்ள தந்திரமே அந்த வரி நோட்டுதான். யாரையும் "நீ வராத"ன்னு நாம சொல்றதே இல்ல. பூசைக்கு வரலாம், நன்மை (நற்கருணை) வாங்கலாம், அசனம்னு போடுற பொதுச் சாப்பாடு சாப்பிடலாம், யாரும் தடுக்கல. குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற தலைக்கட்டு வரி மட்டும் அந்தத் தெருவுல போய் வாங்க மாட்டோம். வரி குடுக்காதவனுக்கு கமிட்டியில இடம் கிடையாது, ஒரு நாள் திருவிழாவ ஏத்து நடத்துற உபயம் கிடையாது, சப்பரம் அவன் தெருவுக்குப் போகாது. கேட்டா "வரி கட்டுற தெருவுக்குத்தான் சப்பரம்"னு ஒரே பதில். அவங்க பணத்த கையில எடுத்துக்கிட்டு வந்து நின்னப்போ "அதெல்லாம் பொதுக்கூட்டத்துல பேசி முடிவு பண்ணணும்"னு அனுப்பி வச்சது யாரு? அந்தப் பொதுக்கூட்டத்துக்கு யாரெல்லாம் வரலாம்? வரி கட்டுனவங்க மட்டும். எங்கயாவது ஓட்டை இருக்கான்னு பாருங்க, ஒரு வக்கீல் உக்காந்து யோசிச்சாக்கூட இவ்வளவு கச்சிதமா வராது.

நோட்டீஸ எடுத்துப் பாருங்க. கொடியேத்துல இருந்து பத்தாம் திருவிழா வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தெரு, ஒரு குடும்பம், இல்லாட்டி வெளிநாடு வாழ் அன்பர்கள்னு உபயதாரர் பேரு இருக்கு. அந்தத் தெருவுக்கு ஒரு நாள்கூட இல்ல. ஆனா பந்தல் கட்டுறது, கோயில சுத்தி புல்லு செத்துறது, அசனத்துக்கு பாத்திரம் கழுவுறது எல்லாம் யாருன்னு நோட்டீஸ்ல போட மாட்டோம். பங்கு வீடுகள சின்னச் சின்னக் குழுவா பிரிக்கிற அன்பியமும் அப்படித்தான், தெருவாரியா பிரிச்சோம்னு சொல்லுவோம், நம்ம ஊர்ல தெருவே சாதிவாரியாத்தான் இருக்குன்னு யாருக்குத் தெரியாது?

"இது பரம்பரை வழக்கம்"னு சொல்ற பெரியப்பாமாருக்கு ஒரு விஷயம். புனித தேவசகாயம் படத்த கோயில்ல மாட்டி வச்சிருக்கோம்ல, 2022 மே 15ல ரோமாபுரியில அவருக்கு புனிதர் பட்டம் குடுத்தப்போ நம்ம ஊர்ல வெடி போட்டு கொண்டாடினோம்ல. நட்டாலத்துல உயர்சாதியில பொறந்த மனுசன், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினார், 1752 ஜனவரியில காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. சாதி பாக்காம எல்லாரும் சமம்னு அவர் பழகினத ரோமே குறிப்பா சொல்லித்தான் பட்டம் குடுத்துச்சு. நாம அவருக்கு நவநாள் வைக்கிறோம், வெளக்குத் தேர் எடுக்கிறோம், அந்தத் தேரையும் நம்ம தெருவோடயே திருப்பிருவோம்.

அவர் ஞானஸ்நானம் வாங்கின அதே வடக்கன்குளத்துலதான் பின்னாடி 1870கள்ல சாதிக்கு ஒரு பக்கமா, ரெண்டு கால் வச்ச கால்சட்டை மாதிரி கோயில் கட்டி நடுவுல சுவரு வச்சாங்க. 1910 வாக்குல கௌசானல் சாமியார் அந்தச் சுவர இடிச்சார். நம்மாளுங்க சும்மா விட்டாங்களா, எங்க வழக்கத்த மாத்த சாமியாருக்கு என்ன உரிமைன்னு கேஸ் போட்டாங்க, அது மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போயி தோத்துப் போச்சு. வெள்ளைக்காரன் காலத்துலயே கோர்ட்டுல செல்லாத வழக்கத்தத்தான் நாம இன்னைக்கு வரி நோட்டுக்குள்ள வச்சு காப்பாத்திக்கிட்டு இருக்கோம். 2003ல இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் தமிழ்நாட்டு ஆயர்கள ரோம்ல பாத்தப்பவே திருச்சபைக்குள்ள சாதிப் பாகுபாடு கூடாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லி அனுப்பினார், 2016ல இந்திய ஆயர் பேரவை தலித் கொள்கைன்னே தனியா ஒண்ணு வெளியிட்டுச்சு. எந்த ஊர் கமிட்டி அத படிச்சுச்சு?

இன்னொரு பதில் ரெடியா வச்சிருப்பீங்க, "இப்ப இத கிளப்பினா கலவரம் வரும், ஏறையூர் ஞாபகம் இல்லையா"ன்னு. ஞாபகம் இருக்கு. தலித் கிறிஸ்தவங்களுக்கும் மத்த சாதிக் கிறிஸ்தவங்களுக்கும் சண்ட வந்த ஊரு அது, 2008 மார்ச்சுல அங்க போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு உசிரு போச்சு. அங்க சண்ட எதுக்கு வந்துச்சு, தனிப் பங்கு வேணும்னு அந்த ஜனங்க கேக்கிற நெலமைக்கு அவங்கள யாரு தள்ளினாங்கன்னும் சேத்து ஞாபகம் வச்சுக்கணும்ல. ஒரு பக்கம் மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துப் போறதுக்கு ஊர் அமைதின்னு பேரு வச்சிருக்கோம். இன்னும் ஒருத்தர், ஆயர் இல்லத்துல நடக்குற கூட்டத்துக்கெல்லாம் போய்ட்டு வர்ற மனுசன், "இதெல்லாம் வெளிய எழுதினா நம்மள பிடிக்காதவங்களுக்கு வசதியாப் போகும்"னு எனக்கு போன் பண்ணி சொன்னார். அந்தக் கம்பி வேலிய நம்மள பிடிக்காதவங்களா வந்து போட்டாங்க?

யாக்கோபு எழுதின திருமுகம் ரெண்டாம் அதிகாரத்த ஞாயித்துக்கிழமை வாசகத்துல கேட்டிருப்பீங்க. பொன் மோதிரம் போட்டவன் வந்தா "இங்க உக்காருங்க", கந்தல் உடுத்தினவன் வந்தா "அங்க நில்லு". வாசிச்சு முடிச்சதும் "இறைவா உமக்கு நன்றி"ன்னு எல்லாரும் சத்தமா சொன்னோம்.

நான் கேக்குறது ரொம்பப் பெருசு இல்ல. வேலிய எடுக்க ஃபாதரோட உத்தரவு, ஆயர் இல்லம்னு இழுப்பீங்க, அது நடக்கட்டும். வரி நோட்டுக்கு யார் உத்தரவும் வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நோட்டத் தூக்கிக்கிட்டு கிழக்க உள்ள அந்தத் தெருவுக்கு நடந்து போங்க, எல்லா வீட்டுக்கும் பேரு எழுதுங்க, நமக்கு என்ன ரேட்டோ அதே ரேட், ரசீது குடுங்க. நோட்டீஸ் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கு, ஏழாம் திருவிழா உபயம் இந்த வருசம் காலியாத்தான் கெடக்குதுன்னு செயலாளர் மாமாவே குரூப்ல போட்டிருந்தார். அந்த ரசீது புக்க போட்டோ எடுத்து அதே குரூப்ல போடுங்க, அன்னைக்கே என் தலைக்கட்டு வரிய பொருளாளர் அண்ணாச்சி ஜீபேக்கு போட்டு விடுறேன். அதுவரைக்கும் போன் மேல போன் போட்டு கேக்க வேண்டாம், தர மாட்டேன்.

இப்படிக்கு,
வடக்குத் தெரு தலைக்கட்டு ஒருத்தன்