மட்டிக்கும் நோய் வரும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிமுகங்களில் மட்டி என்னும் இரட்டை ஓட்டுச் சிப்பியை அள்ளிப் பிழைக்கும் பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மட்டி குறைந்துவருவதற்கு ஆலைக் கழிவையும் மணல் அள்ளுவதையும் கட்டுரையாளர் காரணமாகச் சொல்லியிருந்தார். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீட்டில் மட்டி அவித்து உரிக்கும்போது சிலவற்றுக்குள் பட்டாணி அளவில் வெளிறிய நண்டு ஒன்று இருக்கும். வேறு சில, ஓடு பெரிதாக இருந்தும் உள்ளே சதை வற்றிப்போயிருக்கும். "இது சொத்தை" என்று அம்மா ஒதுக்கிவிடுவார். அந்த நண்டு ஓர் ஒட்டுண்ணி என்பதையும், தட்டைப்புழுக்களின் இளம்பருவங்கள் சினைப்பை முழுவதும் நிரம்பி மட்டியை மலடாக்கிவிடும் என்பதையும் பிற்பாடுதான் அறிந்தேன்.

இவற்றைவிட அஞ்ச வேண்டியது பெர்கின்சஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. 1981இல் ஆஸ்திரேலியாவின் அபலோன் என்னும் கடல் நத்தைகளிலிருந்து விவரிக்கப்பட்ட பெர்கின்சஸ் ஓல்செனி என்ற இனம், போர்ச்சுகல், ஸ்பெயின், கொரியா ஆகிய நாடுகளின் மட்டிப் படுகைகளில் பெருஞ்சாவுகளோடு தொடர்புடையதாக அறியப்பட்டுள்ளது. மனிதரை இது தொற்றுவதில்லை. ஆனால் நீரில் வெப்பமும் உப்பும் கூடும்போது பெருகி, செத்த மட்டியின் சதையிலிருந்து வெளியேறி, நீந்தும் வித்துகளாக அடுத்த மட்டிக்குப் போய்ச் சேரும். நம் தென்கிழக்குக் கரையின் முத்துச்சிப்பிகளில் இதே இனம் இருப்பதை 2010இல் ஆய்வாளர்கள் அறிவித்துவிட்டார்கள் என்பதால், இதை அயல்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது.

கண்டறிவது பெரிய வித்தையன்று. மட்டியின் செவுளில் ஒரு துண்டை வெட்டித் தயோகிளைகோலேட் என்னும் வளர்ப்புக் கரைசலில் இட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் இருட்டில் வைத்து, நிறமேற்றும் லூகால் அயோடினைச் சேர்த்துப் பார்த்தால், ஒட்டுண்ணி கருநீல உருண்டைகளாக நுண்ணோக்கியில் தெரியும். 1952 முதல் வழக்கிலிருக்கும் இச்சோதனையைச் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். எந்த இனம் என்று உறுதிசெய்யத்தான் பிசிஆர் என்னும் மரபணுச் சோதனை வேண்டும்.

ஒரு கழிமுகத்தின் மட்டிக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டுபோய் வளம் குன்றிய வேறொரு கழிமுகத்தில் விதைப்பது நல்ல திட்டந்தான் என்றாலும், இச்சோதனை இல்லாமல் விதைத்தால் குஞ்சோடு நோயையும் சேர்த்தே விதைக்கிறோம். ஐரோப்பாவுக்கு இந்த ஒட்டுண்ணி ஆசிய மட்டிக் குஞ்சுகளோடுதான் போயிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பொறுக்கும்போது கிடைக்கும் செத்த மட்டியைத் திரும்ப நீரிலேயே வீசும் வழக்கத்தையும் விட்டு, கரையில் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லலாம்.

இன்னொன்று: மட்டி செத்து ஒதுங்கும்போது வெறும் நீரை மட்டும் குப்பியில் பிடித்துச் சென்றால் நோய் தெரியாது. வாய் பிளந்தும் உயிர் போகாத மட்டிகளை, அழுகுவதற்கு முன், குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி