கணவாய் ஜிக் செஞ்சு விக்கிற கம்பெனிக்காரங்களுக்கு தூத்துக்குடியில இருந்து ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, வணக்கம்.

நான் மாமாகூட ஃபைபர் போட்ல கணவாய்க்குப் போறவன். உங்க 2.5 சைஸ் ஜிக்கை, அதான் முள்ளு வச்சு இறால் மாதிரி செஞ்ச அந்தப் பொய் இரையைப் பத்திதான் எழுதுறேன். கணவாய் சிறுசா இருக்குற நாள்ல 3.5 சைஸை திரும்பிக்கூட பாக்காது, சின்னதுக்குத்தான் வரும், ஆனா அந்தச் சின்னது தரைக்குப் போக மாட்டேங்குது, அதான் பிரச்சினையே.

நாங்க நங்கூரம் போடுறது 14 பாகத்துல, அதாவது சுமார் 25 மீட்டர். 2.5 ஜிக் 10 கிராம் பக்கம்தான் இருக்கும், ஒரு மீட்டர் இறங்க மூணரை செகண்டுன்னு வச்சாலும் தரை தட்ட ஒன்றரை நிமிஷம் ஆகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும்போது ஒரு நாட் ஓட்டம்னாலே செகண்டுக்கு அரை மீட்டர், அப்போ ஜிக் கீழ போறதுக்குள்ள 40 மீட்டருக்கு மேல பின்னால போயிடும், தூண்டில் நரம்பை வேற தண்ணி புடிச்சு இழுக்கும், தரை தட்டுச்சான்னே கைக்குத் தெரியாது.

அதனால நாங்களே வெயிட் ஏத்துறோம். மூக்குல ஈயக்கம்பிய அதிகமா சுத்துனா தலைகுத்தா சொருகிட்டுப் போகுது, இறால் மாதிரி அந்த ஆட்டமே போயிடுது. கொஞ்சம் பின்னால தள்ளிச் சுத்துனா வாலு தொங்கி முள்ளு பார்ல, அதான் கடலடிப் பாறையில, மாட்டிக்குது, போச்சு ஜிக். ரெண்டு முழம் முன்னால நரம்புல 30 கிராம் ஈயம் கட்டுனா நல்லா இறங்குது, ஆட்டமும் கெடல, இப்போதைக்கு இதான் எங்களுக்குச் சரிப்படுது, ஆனா கணவாய் மெதுவா வந்து அணைக்கிறது ஈயத்தைத் தாண்டி கைக்கு வர்றதில்ல, பாதி விட்டுட்டுப் போயிடும்.

ஜப்பான்ல நங்கூரம் போடாம மிதந்து போற போட்ல இருந்து போடுறவங்களுக்கு மூக்குல தொப்பி மாதிரி மாட்டுற வெயிட் இருக்கு, 10 கிராம், 20 கிராம், 30 கிராம்னு. எங்க கடைக்கு வர்ற பாக்கெட்டுல அது இல்ல. 2.5-க்குப் பொருந்துற மாதிரி அதைப் போடுங்க. இல்லன்னா தாடைக்குக் கீழ, இப்ப ஈயம் இருக்குற இடத்துலயே ஒரு சின்ன வளையம் வச்சுக் குடுங்க, வெயிட்டை நாங்க மாத்தி மாட்டிக்கிறோம். ஒரு மீட்டர் இறங்க எத்தனை செகண்டுன்னு பாக்கெட்லயே அச்சடிங்க, ஆளாளுக்கு ஊகிக்க வேண்டாம்.

இன்னொன்னு, இது எனக்கு ரொம்ப வலிக்குற விஷயம். போட்ல வர்ற பொடிப்பசங்க ஈயத்தைப் பல்லால கடிச்சு அமுக்குறாங்க. ஈயம் விஷம். இங்கிலாந்துல அன்னப்பறவை சாகுதுன்னு 1987-லயே 28 கிராம் வரைக்குமான தூண்டில் ஈயத்தைத் தடை பண்ணிட்டாங்க. டங்ஸ்டன்னு ஈயத்தை விட கனமான உலோகம் இருக்கு, அதுல போட்டா அதே எடைக்கு ஈயத்துல கிட்டத்தட்ட 60 சதவீத பருமன்தான் வரும், சின்ன ஜிக்குக்கு அதுதான் பொருத்தம். விலை கூடும்னு தெரியும், கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா ஒரு வெயிட்டை பத்து ஜிக்குக்கு வச்சுக்குவோம்.

சாம்பிள் போட்டீங்கன்னா சொல்லுங்க. அடுத்த பௌர்ணமி நீவாட்டுலயே 14 பாகத்துல இறக்கிப் பாத்து, எந்த வெயிட் எத்தனை செகண்டுல தரை தட்டுச்சுன்னு எழுதி அனுப்புறோம்.