ஆத்தங்குடி ரோட்டில் வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவிட்டு, அம்மாவோடு ஆத்தங்குடிக்கு பஸ் ஏறினேன். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துத் தரைக்கல் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தால் பஸ் இல்லை. சித்திரை வெயில் வேறு. அம்மா தலை சுற்றுகிறது என்று ஒரு வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டார்.

அண்ணே, கல் ஏற்றிய உங்கள் டெம்போ எங்களைத் தாண்டிப் போய்விட்டது. நான் கைகூடக் காட்டவில்லை. நீங்களாகவே பின்னால் எடுத்து வந்தீர்கள். சோடாவை உடைத்து, உப்புப் போட்டு அம்மா கையில் கொடுத்தீர்கள். "ஆச்சி, மெதுவாக் குடிங்க" என்றீர்கள். (அம்மாவுக்கு அந்த 'ஆச்சி'யில்தான் பாதி தெம்பு வந்தது!) அப்புறம் முன்சீட்டில் உட்காரவைத்து, கல்லும் உடையாமல் அம்மாவும் குலுங்காமல் ஊர்ந்தே ஓட்டி, காரைக்குடியில் டாக்டர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டீர்கள்.

பணத்தை நீட்டினேன். "லோடு இந்தப் பக்கம்தான் போகுது" என்று கிளம்பிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை நான். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். உங்கள் நீலத் துண்டு எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறோம்.