உன் ஊர் உயரத்துக்கு மிளகாய் ஜெல்லி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

கிறிஸ்துமஸுக்கு உன் ஆபீஸ் சிநேகிதர்களுக்கு மிளகாய் ஜெல்லி செய்து கொடுக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். செய்முறையை வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினால் போதும் என்றாயாம். அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் இங்கே செய்கிறபடியே நீ அங்கே செய்தால் போதாது, பாப்பா. டெக்சாஸில் நாங்கள் இருக்கிற லேக் ஜாக்சன் கடலுக்குப் பக்கத்துத் தாழ்ந்த ஊர். நீ கொலராடோ ஸ்பிரிங்ஸில் 6,000 அடிக்கு மேலே இருக்கிறாய். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, அங்கே சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்வைக்கு அதே தளதளப்புத்தான், ஆனால் அந்தக் கொதியில் அத்தனை சூடு கிடையாது. அதனால் நிரப்பி மூடிய ஜாடிகளை நான் கொதிநீரில் 5 நிமிடம் வைத்தால், நீ 15 நிமிடம் வைக்க வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. 1,000 அடி வரைக்கும் 5 நிமிடம், அதற்கு மேல் 6,000 அடி வரைக்கும் 10, அதையும் தாண்டினால் 15. டென்வரில் இருக்கிற உன் தோழி 10 நிமிடம் போதும் என்று சொன்னால், அவள் ஊருக்கு அது சரி. உன் ஊருக்குக் காணாது.

அம்மா ஊறுகாய் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நீ. அவள் எதையும் அளந்து போட்டதில்லை, கண்ணால் பார்த்து, கையால் அள்ளி, எல்லாம் கைப்பக்குவம். அது அவளுக்கு வாய்த்தது. ஜெல்லிக்கு அந்தக் கை கூடாது. மிளகாயிலும் குடமிளகாயிலும் இயல்பாகப் புளிப்பு ரொம்பக் குறைவு. புளிப்புக் குறைந்த பண்டத்தைக் காற்றுப் புகாமல் ஜாடியில் அடைத்து அலமாரியில் வைத்தால், பாட்டுலிசம் என்கிற உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அது சுரக்கிற நஞ்சு ஆளையே கொல்லும். அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாகாது, அவற்றைக் கொல்ல 116 டிகிரியும் அதற்கான அழுத்தப் பாத்திரமும் வேண்டும். ஆனால் பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அவை முளைக்கவே முடியாது. நம் ஜெல்லியை அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்திருப்பது வினிகர். வேலைக்காலம் முழுக்க பிஎச் மீட்டரோடு பழகியவன் என்பதால் சொல்கிறேன்: வினிகரைக் குறைக்காதே. பாட்டிலில் 5 சதவீதம் அமிலம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். வீட்டில் புளிக்கவைத்த வினிகர் வேண்டாம், வினிகருக்குப் பதிலாக எலுமிச்சையும் வேண்டாம். ஆப்பிள் சைடர் வினிகர் கேட்டிருந்தாய். அதுவும் 5 சதவீதம் என்றால் தாராளமாக ஊற்றலாம், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கும்.

அளவு இதுதான். பொடியாக நறுக்கிய மஞ்சள் குடமிளகாய் 5 கப், செரானோ மிளகாய் அரை கப், வெள்ளை வினிகர் ஒன்றரை கப், சர்க்கரை 5 கப் (ஏறக்குறைய ஒரு கிலோ), ஜெல்லியை உறையவைக்கிற திரவ பெக்டின் 3 அவுன்ஸ் பை ஒன்று. அரை பைண்ட் (ஒரு கப் கொள்ளும்) ஜாடி ஆறு வரைக்கும் நிரம்பும். காரம் போதாது என்றால் செரானோவுக்குப் பதில் ஹாபனேரோ போடு, இந்தியக் கடைப் பச்சை மிளகாயும் போடலாம். ஆனால் மிளகாயும் குடமிளகாயும் சேர்ந்து ஐந்தரை கப்பைத் தாண்டக் கூடாது. பூண்டும் கறிவேப்பிலையும் அரைத்துச் சேர்க்கலாமா என்று கேட்டாயாம். சாப்பிடுகிற அன்றைக்குத் தாளித்து மேலே போட்டுக்கொள், ஜாடிக்குள் வேண்டாம்.

ஏன் மஞ்சள் என்று கேட்பாய். பச்சை மிளகாயின் பச்சை, புளிப்பிலும் சூட்டிலும் நிற்காது, மங்கிய ஆலிவ் நிறமாகிவிடும். கடையில் விற்கிற பச்சை ஜெல்லியில் பெரும்பாலும் சாயம் சேர்த்திருப்பார்கள். மஞ்சளோ சிவப்போ போட்டால் சாயமே வேண்டாம், வெயிலில் தூக்கிப் பிடித்தால் தேன் மாதிரி இருக்கும்.

மிளகாய் நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள். காம்பையும் விதையையும் எடுத்துவிடு, உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையை எடுக்காதே, அப்படியே இருக்கட்டும். காரம் நிறைந்திருப்பது அங்கேதான். கையில் எரிச்சல் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது, எண்ணெய் தேய்த்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவு. அப்புறம் மிளகாய், குடமிளகாய் எல்லாவற்றையும் கொஞ்சம் வினிகர் விட்டு மிக்ஸியில் அரைத்து, மீதி வினிகரோடு பெரிய பாத்திரத்தில் ஊற்றி, கொதி வந்த பிறகு 20 நிமிடம் கொதிக்க விடு. நெடி தாங்காது. குளிரானாலும் பரவாயில்லை, ஜன்னலைத் திற, புகைப்போக்கி விசிறியையும் போடு. மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிறது, அந்த நேரம் அவரை வெளியே எங்காவது அனுப்பிவிடு.

வடிகட்ட மல் துணியை நாலாக மடித்துக்கொள். சாறு தானாக இறங்கட்டும், பிழிந்தால் ஜெல்லி கலங்கிப்போகும். இந்த ஒரு இடத்தில் பொறுமையாக இருந்தால் மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். இறங்கிய சாற்றில் இரண்டேகால் கப் அளந்து திரும்ப அடுப்பில் வைத்து, சர்க்கரையைப் போட்டுக் கரைத்துக் கொதிக்க விடு. அப்புறம் பெக்டினை ஊற்று. கரண்டியால் கிளறினாலும் அடங்காமல் பொங்குகிற கொதி வர வேண்டும். வந்ததும் ஒரே ஒரு நிமிடம், கிளறிக்கொண்டே இரு, இறக்கிவிடு. பாத்திரம் எட்டு குவார்ட்டாவது (சுமார் ஏழரை லிட்டர்) இருக்கட்டும், இல்லாவிட்டால் சர்க்கரைப் பாகு அடுப்பு முழுக்க வழியும். திரவ பெக்டினுக்குப் பதில் தூளைப் போட்டுவிடாதே. தூள் சர்க்கரைக்கு முன்னால் சேர வேண்டியது, அதன் கணக்கே வேறு.

சர்க்கரையைப் பாதியாக்கலாம் என்று நினைத்தாயாம். உன் அக்கறை புரிகிறது, உன் தாத்தாவுக்கும் சர்க்கரை வியாதி இருந்தது. ஆனால் இந்தப் பெக்டின் கெட்டியாவதே சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து இழுத்துப் பிடிப்பதால்தான். சர்க்கரையைக் குறைத்தால் ரசம் மாதிரி ஓடும். குறைந்த சர்க்கரைக்கு என்றே தனிப் பெக்டின் கடையில் இருக்கிறது. வேண்டுமானால் அதை வாங்கி, அதன் பெட்டியில் போட்டிருக்கும் அளவுப்படியே செய். நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டுமென்று ஒரே பாத்திரத்தில் இரண்டு மடங்கு போடவும் செய்யாதே. அதுவும் சரியாக உறையாது, இரண்டு தடவையாகவே போடு.

ஜாடிகள் சுத்தமாகவும் சூடாகவும் இருக்கட்டும். சில்லென்ற கண்ணாடியில் கொதிக்கிற ஜெல்லியை ஊற்றினால் விரிசல் விடும். நான் 5 நிமிடம்தான் வைப்பதால் காலி ஜாடிகளை முன்னாலேயே 10 நிமிடம் கொதிக்க வைக்கிறேன். நீ 15 நிமிடம் வைப்பதால் அந்த வேலை உனக்கு மிச்சம். நுரையை எடுத்துவிட்டு, விளிம்பிலிருந்து கால் அங்குலம் இடம் விட்டு ஊற்று. விளிம்பைத் துடை. மூடி ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும், அதை இறுக்குகிற திருகு வளையத்தைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். வளையத்தை விரல் நுனியால் திருகு, முறுக்கிவிடாதே, உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழி வேண்டும். அப்புறம் ஜாடிகளைக் கொதிநீரில் அந்த 15 நிமிடம் வை, தண்ணீர் மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது நிற்கட்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள், அவருடைய தாயார் காலத்தில் மெழுகை உருக்கி ஊற்றித்தான் மூடுவார்கள் என்பார். இப்போது அது வேண்டாம் என்கிறார்கள், மெழுகின் ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சூடாக ஊற்றி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறவர்களும் உண்டு, அதையும் செய்யாதே.

உன் சிநேகிதர்களிடம் கொடுக்கும்போது நம் ஊர்ப் பெருமையையும் சொல்லு. ஹலபீனோ மிளகாய் ஜெல்லி முதன்முதலில் விலைக்கு வந்தது லேக் ஜாக்சனில்தான், 1978-இல் என்று இங்கே சொல்லிக்கொள்வார்கள். டெக்சாஸ் 1995-இல் ஹலபீனோவை மாநில மிளகாயாகவே அறிவித்தது. இங்கே கிரீம் சீஸ் கட்டியின் மேல் இதை வழியவிட்டு பிஸ்கட்டில் எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். எனக்கு அடையோடுதான் பிடிக்கும். அடைக்கு வெல்லம் தொட்டுச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு, இனிப்பும் காரமும் ஒன்றாக வந்தால் விடுமா?

ஜாடிகளை எடுத்துத் துணியின் மேல் வைத்தபின் ஒரு நாள் முழுக்கத் தொடாதே. மறுநாள் மூடியின் நடுவில் அழுத்திப் பார். உள்ளே போய் மேலே எழும்பினால் அந்த ஜாடி சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அதை ஃப்ரிட்ஜில் வைத்து நீங்களே சாப்பிடுங்கள், யாருக்கும் கொடுக்க வேண்டாம். மற்றவற்றின் வளையத்தைக் கழற்றி, ஜாடியைத் துடைத்து, தேதி எழுதி ஒட்டு. திறந்ததும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்லிக் கொடு. ஜெல்லி அன்றைக்கே உறையவில்லை என்று கவலைப்படாதே. சில சமயம் ஒரு வாரம், இரண்டு வாரம்கூட எடுக்கும். அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே போட்டுவிடு. சந்தேகம் எது வந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா சாம்பார் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை பார்சலில் வரும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா