பதினாறு பிள்ளைகளைப் பெங்களூருக்கு அனுப்பி வைத்தவர்களுக்கு

கிருஷ்ணகிரி,
நவம்பர் 2017

பெற்றோர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்கள் பயணத்துக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி, கடந்த அக்டோபர் 22 முதல் 28 வரை பெங்களூரில் நடைபெற்றது. அதன் முதல் நாள் ஆட்டங்களைக் கண்டீரவா உள்விளையாட்டரங்கில் காண, காவேரிப்பட்டினம் சாலையிலுள்ள எங்கள் பள்ளியின் கூடைப்பந்து அணிப் பிள்ளைகள் பதினாறு பேர் சென்று நலமாகத் திரும்பினார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கு உதவியவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இம்மடலில் யார் பெயரையும் குறிப்பிடாமல், அவரவர் செய்த காரியத்தை மட்டும் எழுதுகிறேன். நம் ஊரில் அது போதும். படித்த மாத்திரத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இந்தப் பயணத்தை ஜூலையிலேயே மேற்கொண்டிருக்க வேண்டும். அப்போது அதே பெங்களூரில் வயது வரம்பில்லாத பெண்கள் ஆசியக் கோப்பை நடந்தது. பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை அதில் ஆடுகிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லி ஆசை காட்டிவிட்டு, அனுமதி வாங்குவதற்குள் போட்டியே முடிந்துபோன வருத்தம் எனக்குண்டு. நம் ஊரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். துணி எடுக்கவும், வேலைக்கும், வைத்தியத்துக்கும் அன்றாடம் போய்வரும் ஊரில் ஆசியாவின் தலைசிறந்த பெண்கள் வந்து ஆடும்போது, நம் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. மேலும், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசிய அணிகளோடு சேர்ந்து ஆடத் தொடங்கியிருப்பது இந்த ஆண்டுதான். முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகள் அடுத்த ஆண்டு பெலாரஸ் நாட்டில் நடக்கும் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குச் செல்லும் என்பதால், ஆட்டத்தின் தரத்தில் ஐயமே இருக்கவில்லை.

ஜூலையில் நடந்தது மறுபடியும் நடக்கக் கூடாதென்று, இம்முறை செப்டம்பர் மாதத்திலேயே கடிதங்களைத் தயாரித்து, தாமே நேரில் சென்று அனுமதி பெற்றுத் தந்த எங்கள் தலைமையாசிரியை அம்மாவுக்கு முதல் நன்றி. பெற்றோரில் ஒரு பாட்டியம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயது வந்த பிள்ளையை மாநிலம் தாண்டி அனுப்ப முடியாது என்று இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பியவர், மூன்றாம் முறை போனபோது, “நானும் வர்றேன், அப்போ அனுப்பறேன்” என்றார். வந்தது மட்டுமல்லாமல், வழியில் வாந்தியெடுத்த மூன்று பிள்ளைகளுக்கும் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

அடுத்து வேன். 22ஆம் தேதி என்பது தீபாவளி முடிந்து நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சேலம், தருமபுரிப் பக்கம் பண்டிகைக்கு வந்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்குத் திரும்பும் நாள் அது என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. முன்பணம் வாங்கியிருந்த ஒரு வேன்காரர், கூடுதல் வாடகைக்கு வேறு சவாரி கிடைத்துவிட்ட காரணத்தால், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கையை விரித்துவிட்டார். முன்பணத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால் அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை. அந்த இரவில், கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் அண்ணன் தமக்குத் தெரிந்த ஐந்து பேரைத் தொலைபேசியில் எழுப்பி, கடைசியில் ஊத்தங்கரையிலிருந்து ஒரு வேனை வரவழைத்தார். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்த அந்த ஓட்டுநர் தம்பி, மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுக் காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தார். அத்திப்பள்ளியில் பர்மிட்டுக்கு வரிசையில் நின்றதும், ஓசூருக்கு முன்பே தொடங்கிய நெரிசலில் பிள்ளைகள் பொறுமையிழந்தபோது பாட்டுப் போட்டுச் சமாளித்ததும் அவர்தான். வாடகையில் பண்டிகைக் கால உயர்வு எதையும் அவர் சேர்க்கவில்லை.

டெங்கு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரமாதலால், கிளம்புவதற்கு முந்தைய நாள் பதினாறு பேருக்கும் வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே அனுப்பச் சம்மதித்த செவிலியர் அக்காவுக்கு நன்றி. புளிசாதத்தை மந்தாரை இலையில் கட்டிக் கொடுத்த மெஸ் அம்மாவுக்கும், தீபாவளி முறுக்கையும் அதிரசத்தையும் டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. அதிரசம் திரும்பி வரும்போது சூளகிரி வரை தாக்குப்பிடித்தது.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவி ஒருவர், தம் விடுமுறை நாளை எங்களுக்குக் கொடுத்தார். வேன் பெங்களூருக்குள் நுழைந்த இடத்திலேயே ஏறிக்கொண்டு, சில்க் போர்டு நெரிசலைத் தவிர்க்கக் குறுக்குத் தெருக்கள் வழியாக அழைத்துப் போய், கப்பன் பூங்காவின் பக்கம் வண்டியை நிறுத்த இடம் பார்த்துக் கொடுத்து, கன்னடத்தில் பேச வேண்டிய இடங்களிலெல்லாம் பேசி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது முதற்கொண்டு விசாரித்து வைத்திருந்தார். பதினாறு பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போன எவருக்கும் அந்தக் கடைசி விஷயத்தின் அருமை தெரியும்.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். தாங்கள் கொடுத்த பணம் எதற்குப் பயன்பட்டது என்பது அதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் பார்த்தது வீராங்கனைகளை அல்ல, பந்தை. பெண்கள் ஆட்டத்துக்கு உரியது 6ஆம் எண் பந்து. 2017ஆம் ஆண்டு விதிப்படி அதன் சுற்றளவு 72.4 முதல் 73.7 சென்டிமீட்டர் வரை, எடை 510 முதல் 567 கிராம் வரை. எங்கள் பள்ளியில் இருந்த மூன்று பந்துகளுமே ஆண்களுக்குரிய 7ஆம் எண். அளவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வேறுபாடு என்றாலும், சிறிய கைக்கு அது பெரிய வேறுபாடு. அடுத்து, போர்டுக்கு மேலே சிவப்பு எண்களில் இறங்கிக்கொண்டிருந்த 24 விநாடிக் கடிகாரம். பந்து கைக்கு வந்த அணி அந்த நேரத்துக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதியை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆறு, ஐந்து, நான்கு என்று எண் குறையும்போது ஆடுகிற பெண்களின் கால்கள் எப்படி மாறுகின்றன என்பதை அன்றுதான் பார்த்தார்கள். முதல் பாதி முடிவதற்குள் எங்கள் வரிசை முழுவதும் வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது விஷயத்தைக் கவனித்தவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் ஓர் உயரமான பெண் குதித்து வலையைத் தொட்டதை அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “டீச்சர், அந்த அக்கா என்னைவிட அரையடி உயரம். அவங்க தொடற இடத்தைத்தான் நம்ம ரிங்குல நானும் தொடறேன். நம்ம ரிங் இறங்கிப் போச்சா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஏணி போட்டு அளவு நாடாவால் அளந்தோம். தரையிலிருந்து ரிங்கின் உயரம் 3.05 மீட்டர் இருக்க வேண்டும். எங்களுடையது கிழக்குப் பக்கம் 2.92, மேற்குப் பக்கம் 2.95.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெடித்துப்போன பழைய தளத்தின் மேலேயே சிமெண்ட் போட்டபோது தரை உயர்ந்தது, கம்பம் அப்படியே நின்றது. அளந்து பார்த்திருக்க வேண்டியவள் நான். அந்த இரண்டு ஆண்டுகளாக வெளியூர் மைதானங்களில் எங்கள் பிள்ளைகள் எறிந்த பந்துகள் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பியபோதெல்லாம், காலையில் சாப்பிடாமல் வந்தால் கையில் எப்படி வலு இருக்கும் என்று அவர்களைத்தான் திட்டியிருக்கிறேன். அதற்காக அவர்களிடம் மைதானத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெற்றோராகிய தங்களிடமும் இம்மடல் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவு தெரிந்த அன்று மாலையே, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் வந்து பார்த்தார். அடுத்த இரண்டு நாட்களில் கம்பத்தை அறுத்து, இரும்புக் குழாயைச் செருகிப் பற்றவைத்து, ரிங்கைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தார். பற்றவைத்த பிறகு குமிழி மட்டம் வைத்துப் பார்த்து, நூலளவு சாய்வு இருப்பதாகச் சொல்லி, மீண்டும் அறுத்துச் செய்தார். அந்தச் சாய்வு எங்கள் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. கூலி பேசியபோது குழாய்க்கும் கம்பிக்கும் ஆன தொகையை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவருக்கு நான் சொல்லும் நன்றி போதாது என்பதை அறிவேன்.

கடிகாரம் வாங்க எங்களிடம் வசதியில்லை. கிரானைட் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, பேத்தியை அழைத்துப் போக வரும் நேரத்தைச் சற்று முன்னதாக்கிக்கொண்டு, இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்குப் பக்கக் கோட்டருகே நாற்காலி போட்டு அமர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி 24 விநாடிகளை உரக்க எண்ணி விசில் ஊதுகிறார். பேத்தியின் அணிக்கும் அரை விநாடி கூடத் தர மறுக்கிறார் என்ற புகார் என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு 6ஆம் எண் பந்துகளை வாங்கிக் கொடுத்த மாம்பழ மண்டிக்காரருக்கும், மூன்றாவதற்காகத் தம் உண்டியலை உடைத்த பிள்ளைகளுக்கும் நன்றி.

பள்ளிக்கு வந்து விசாரித்த பலருக்காகப் போட்டியின் முடிவையும் இங்கே பதிவு செய்கிறேன். 28ஆம் தேதி சனிக்கிழமை நம் நாட்டுப் பெண்கள் மலேசியாவை வென்று இரண்டாம் பிரிவின் முதலிடத்தைப் பெற்றார்கள். அதனால் அடுத்த முறை முதல் பிரிவில் ஆடுவார்கள். முதல் பிரிவில் ஜப்பானை வென்று, ஆஸ்திரேலியா தான் கலந்துகொண்ட முதல் போட்டியிலேயே பட்டம் பெற்றது. ஜப்பான் தோற்றதில் எங்கள் அணியில் பாதிப் பேருக்கு வருத்தம். குட்டையான பெண்கள் அத்தனை தூரம் வந்தது அவர்களுக்குச் சொந்தக்காரர் வந்ததைப் போல இருந்திருக்கிறது.

கணக்கு: பயணத்துக்கும் ரிங் வேலைக்குமாகத் தாங்கள் கொடுத்தது 18,350 ரூபாய். வேன் வாடகை, பர்மிட், சுங்கக் கட்டணம் உட்பட 11,200. உணவு, தண்ணீர் 2,460. ரிங் வேலைக்கு இரும்பு 3,100. மருந்து, இதரச் செலவு 410. கையிருப்பு 1,180 ரூபாய். ரசீதுகள் அனைத்தும் தலைமையாசிரியை அம்மாவிடம் உள்ளன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மீதித் தொகையில் இரண்டு வலைகளும், புதிதாகப் பற்றவைத்த இடம் துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்பு வண்ணமும் வாங்குவதாக இருக்கிறோம். மழை விட்டதும் வண்ணம் அடிப்போம். ஏணி பிடிக்க ஆள் தேவைப்படும்.

நன்றியுடன்,
உடற்கல்வி ஆசிரியை
மற்றும் கூடைப்பந்து அணி மாணவியர் பதினாறு பேர்