குளியலறை வாசலுக்கு ஒரு தடித்த கால்மிதி

அன்புள்ள கண்ணு,

குளித்துவிட்டு வந்து டைல்ஸில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது, மெத்தென்று ஒரு மேட் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) நானே போடட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. நூலில் கை வைக்கும் முன்னே கதவைப் பார். கதவு உள்பக்கம் திறந்தால் கவலையில்லை. வெளிப்பக்கம் திறந்தால் கதவுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள். நான் சொல்லப்போகும் மேட் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தடிமன் வரும். இடைவெளி அதைவிடக் குறைவென்றால் மேட்டைக் கதவு வீச்சுக்கு அப்பால் தள்ளித்தான் போட வேண்டும். அதற்கேற்ப நீள அகலம் முடிவு செய். உனக்கு 50க்கு 75 சென்டிமீட்டர் போதும் என்று நினைக்கிறேன்.

நூல் பருத்தியாகவே இருக்கட்டும். அக்ரிலிக் கையில் பூப்போல இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடிக்காது. ஈரக் காலை வைத்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். கம்பளி அடிக்கடி துவைத்தால் இறுகிச் சுருங்கிவிடும். கடைக்காரர் காட்டன் என்று கொடுத்தாலும் ஒரு துண்டைக் கொளுத்திப் பார். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் விரலில் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, வாங்காதே. பளபளவென்று முறுக்கேறிய நூலும் வேண்டாம், காலுக்கு இதமாக இருக்காது.

8 பிளை நூலை (பிளை என்பது நூலின் தடிமன் அளவு) இரண்டு இழை சேர்த்து, 6.5 எம்எம் ஊசியில் போடு. எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஊகம் வேண்டாம். முதலில் ஒரு பந்து மட்டும் வாங்கி, கீழே சொல்லும் தெர்மல் தையலில் 10க்கு 10 சென்டிமீட்டரில் ஒரு சதுரம் போட்டு, துவைத்துக் காயவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார். உன் மேட்டில் அப்படிப்பட்ட சதுரம் முப்பத்தேழரை அடங்கும். சதுரம் 24 கிராம் என்றால் மொத்தம் 900 கிராம், சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. துவைத்த பிறகே அள, பருத்தி முதல் அலசலில் கொஞ்சம் சுருங்கும். மீதி நூலை ஒரே சாய லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில்) வாங்கு, இல்லையென்றால் பாதியில் நிறம் மாறுவது பளிச்சென்று தெரியும்.

தடிமனான நூலை வாங்கிவிட்டால் மேட் தடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தடிமன் தையலிலிருந்துதான் வர வேண்டும். சாதாரண சிங்கிள் குரோஷே (குட்டைத் தையல்) ஓர் அடுக்குத்தான். டபுள் குரோஷே (உயரத் தையல்) சீக்கிரம் முடியும், ஆனால் இடையில் சந்து விழும், கால் விரல் மாட்டும். உனக்கு வேண்டியது தெர்மல் தையல். அதில் துணி இரண்டு அடுக்காக வளரும், நடுவில் காற்று நிற்கும். அந்தக் காற்றுதான் காலுக்கு மெத்தென்று இருக்கிறது, குளிரையும் தடுக்கிறது.

10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 12 கண் (தையல்) வரும், உன் சதுரத்தில் எண்ணிச் சரிபார். அந்தக் கணக்கில் 50 சென்டிமீட்டர் அகலத்துக்கு அடிவரியாக 61 சங்கிலி போடு. சங்கிலியை மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியில் போடு. அடிச்சங்கிலி இறுகினால் மேட்டின் அந்த முனை வில்லாக வளையும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. இரண்டாவது சங்கிலியிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இழையில் மட்டும் ஊசியை விட்டு சிங்கிள் குரோஷே போட்டுப் போ, 60 கண் வரும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பு.

இனி கவனமாகப் பார். ஒவ்வொரு கண்ணின் தலையிலும் இரண்டு இழை படுத்திருக்கும். ஊசியை உனக்கு அந்தப் பக்கம் இருக்கும் பின் இழையில் மட்டும் விடு. வெளியே எடுக்காமல், துணியின் பின்பக்கம் ஒரு வரி கீழே சும்மா விடப்பட்டிருக்கும் இழையையும் அதே ஊசியில் கோத்துக்கொள். இப்போது நூலைச் சுற்றி இரண்டு இழை வழியாகவும் இழுத்து, வழக்கம்போல் அந்தத் தையலை முடி. முதல் தடவை அந்தக் கீழ் இழை அடிச்சங்கிலியில் நீ விட்டுவைத்தது. அடுத்த வரிகளில் முந்தின வரி தைக்கும்போது விட்டுப்போன முன் இழை, திருப்பியதால் பின்னால் போயிருக்கும். துணியின் மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் உன் பக்கம் மடக்கினால் அது தானாகக் கண்ணுக்குத் தெரியும். கடைசி வரை இதே வேலைதான்.

முதல் நாலு வரி படகு மாதிரி சுருண்டு நிற்கும். தப்பாகிவிட்டதென்று பிரிக்காதே, ஆறேழு வரியில் படுத்துவிடும். உயரமும் மெதுவாகத்தான் ஏறும், சாதாரண தையலைப் போல இரண்டு மடங்கு வரி வேண்டியிருக்கும். நிஜமாகக் கெடுவது ஓரத்தில்தான். கடைசிக் கண் மடங்கி ஒளிந்துகொள்வதால் அதை விட்டுவிடுவோம், வரிக்கு ஒன்று குறைந்து மேட் ஒரு பக்கம் ஒடுங்கிப்போகும். ஒவ்வொரு வரியின் முதல் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகிவை. திருப்பும் சங்கிலியைக் கண்ணாகக் கணக்கெடுக்காதே. ஐந்து வரிக்கு ஒரு முறை 60 இருக்கிறதா என்று எண்ணு.

பந்து தீர்ந்தால் முடிச்சு போடாதே. முடிச்சு உள்ளங்காலில் உறுத்தும், துவைக்கத் துவைக்க வெளியே தலையை நீட்டும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் தீராதபடி முன்பின்னாக மாற்று. பதினைந்து சென்டிமீட்டர் வால் விட்டு, முனை மழுங்கிய தையல் ஊசியால் இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு பக்கம் போய் எதிர்ப்பக்கம் திரும்பும்படி ஓட்டிவிடு. கடைசி வரியில் தலையின் இரண்டு இழையையும் கீழ் இழையையும் சேர்த்துத் தைத்தால் வாய் மூடிக்கொள்ளும். பிறகு நாலு பக்கமும் ஒரு சுற்று சிங்கிள் குரோஷே, மூலைக்கு மூன்று கண். மூலை தூக்கினால் கண் குறைவு, அலையடித்தால் கண் அதிகம்.

இரட்டை இழை என்பதால் மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதே கண்ணு. பத்து வரிக்கு ஒரு தடவை எழுந்து கையை உதறிக்கொள். பிடி தடித்த ஊசியாக வாங்கு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடியில் வலைபோல் இருக்கும் வழுக்காத ஷீட்டை மேட்டைவிட இரண்டு சென்டிமீட்டர் சிறிதாக வெட்டிப் போடு. இது இல்லாமல் வழவழப்பான டைல்ஸில் மேட்டை விரிக்கவே கூடாது. சேர்த்துத் தைத்துவிடாதே, தனித்தனியாக எடுத்தால்தான் இரண்டும் காயும்.

இரண்டு அடுக்கு என்பதால் சாதாரண மேட்டைவிட இது காய நேரமெடுக்கும். எல்லோரும் குளித்து முடித்ததும் எடுத்துக் கொடியில் நடுவாக மடித்துப் போடு. ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். தரையிலேயே கிடந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வரும், அது நூலுக்குள் போய்விட்டால் லேசில் போகாது. வாரம் ஒரு முறை துவை, முதல் இரண்டு தடவை தனியாக. துணியை மென்மையாக்கும் கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதே, நூல் தண்ணீர் குடிப்பது குறைந்துவிடும். ஒன்றைத் துவைக்கும் நாளில் போட இன்னொன்று வேண்டும், அதனால் நூல் வாங்கும்போதே இரண்டுக்குக் கணக்குப் போட்டு வாங்கு.

சதுரம் போட்டதும் எடையையும் கண் கணக்கையும் எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொன்ன பிறகு மீதி நூலை வாங்கலாம்.

அன்புடன்,
அம்மா